பாதி ஷட்டர்

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் நாலாவது கடை, நியூ பேகம் மேட்சிங் சென்டர். பழைய பேகம் மேட்சிங் சென்டர் என்று ஒன்று உலகத்தில் இருந்ததேயில்லை. பெயரில் 'நியூ' இருந்தால் கிளைகள் உள்ள பெரிய கடை என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்பது ஷஃபியுல்லாவின் யோசனை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட அப்படி நினைக்கவில்லை.

புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி விற்கிற கடை. எட்டடி அகலம், பன்னிரண்டடி ஆழம். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை துணி. சிவப்பில் மட்டும் நாற்பத்தோரு சிவப்பு. அரக்கு, குங்குமம், மாதுளை, செங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. நாற்பத்தோராவது சிவப்புக்குப் பெயரே கிடைக்காமல் 'அந்த செவப்பு' என்று வைத்திருந்தார்கள்.

ஷஃபியுல்லாவுக்குச் சில சட்டங்கள் இருந்தன. ட்யூப் லைட் பொய் சொல்லும். துணியை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் காட்டு. கத்தரி வைக்குமுன் கலரையும் அளவையும் இரண்டு முறை கேள். வெட்டிய துணி திரும்ப ஒட்டாது. அப்புறம் ஷட்டர். வியாபார நேரத்தில் ஷட்டரை முழுசாக இறக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் போகும்போதுகூடப் பாதிதான். பாதி ஷட்டர் என்றால் 'தோ வந்துட்டேன்' என்று அர்த்தம். முழு ஷட்டர் என்றால் 'எதிர்க் கடைக்குப் போங்க' என்று அர்த்தம்.

அந்தப் பாதி ஷட்டரின் கீழே அவர் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கிழமைகள் குனிந்து போய்க் குனிந்து வந்திருக்கிறார். பங்குனி மாதம், நோன்பு பதினொன்றாம் நாள் வெள்ளிக்கிழமையும் குனிந்தார். முழுசாகக் குனியவில்லை.

அப்போது அவர் மனைவி நஸ்ருன்னிசா அங்கே இல்லை. இரண்டு தெரு தள்ளி, மாடி போர்ஷனில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கடை சேல்ஸ்மேன் காதர், "சும்மா லேசா தட்டிச்சு அண்ணி" என்றார். வாசலில் காத்திருந்த விஜயலக்ஷ்மி மாமி, "கோவில் மணி மாதிரி சத்தம் கேட்டதுடி" என்றாள். மாமி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஷஃபியுல்லா குனிந்து நுழைகிற நேரம் பார்த்து, "பாய், எவ்ளோ நாழியா நின்னுண்டிருக்கேன்!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டது அவள்தான். மரியாதை தெரிந்த மனுஷர். கூப்பிட்ட குரலுக்குத் தலையை நிமிர்த்தினார்.

ரத்தம் வரவில்லை. மயக்கம் போடவில்லை. ஆகவே அடியே படவில்லை என்று சந்து முழுவதும் ஒருமனதாகத் தீர்மானித்தது. டீக்கடையிலிருந்து ஐஸ் கட்டி வந்தது. பத்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு ஷஃபியுல்லா எழுந்து மாமிக்குத் துணி வெட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை வாயில் போட்டவர், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாங்க, கஞ்சி கருகிப்போச்சா?"

"இல்ல. வாசனை ஒரு மாதிரி கீது. அந்த லைட்ட அணை. கத்துது."

"லைட்டு எங்கங்க கத்துது?"

"எனுக்குக் கத்துது."

நஸ்ருன்னிசா லைட்டை அணைத்தாள். நோன்பு நாளில் நாக்கு வறண்டால் மனுஷன் கண்டதையும் சொல்வான். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் மகள் மெஹக் மட்டும், வெங்காய பஜ்ஜியைக் கடித்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் பகலெல்லாம் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி சத்தத்துக்கு எழுந்துவந்து சண்டை போட்டார். இந்த வீட்டில் அவர் சண்டை போட்டு நஸ்ருன்னிசா பார்த்ததில்லை. அந்த இலாகா அவளுடையது. சாயங்காலம் ஒரு தடவை வாந்தி எடுத்தார். தலைவலி, சோர்வு, எரிச்சல், தூக்கம், குமட்டல். எதைக் கேட்டாலும் அந்த வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது: நோன்பு.

"அம்மி, நோன்புத் தலைவலின்னா மத்தியானத்துக்கு மேல வரும், கஞ்சி குடிச்சா போயிடும். அப்பாவுக்கு சாப்ட்டப்புறமும் வலிக்குது. காலையில எழும்போதே வலிக்குது" என்றாள் மெஹக்.

"வயசு அம்பத்தி மூணு ஆவுது. வெயில் வேற."

"ஷட்டர்ல இடிச்சுக்கினாரே?"

"ரத்தம் வரலியேடி."

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு விஜயலக்ஷ்மி மாமி மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது, கோபத்தைச் சிரமப்பட்டுக் காப்பாற்றி மேலே கொண்டுவந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் பை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அதைக் கொட்டினாள். மூன்று ரவிக்கைத் துணிகள். மூன்றும் மாந்துளிர் நிறம். மூன்றும் எண்பது சென்டிமீட்டர்.

"நஸ்ரு, நன்னா பாரு. எனக்கு ஒடம்பு ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் மாமி."

"அப்போ மூணு ஜாக்கெட் எதுக்குங்கறேன்? ஒண்ணு வெட்டிக் கட்டித் தந்தார். நான் பைக்குள்ள வெச்சுக்கறேன், 'மாமி, என்ன கலர்?'ங்கறார். லைனிங் கேக்கறார்னு நெனச்சுண்டு மாந்துளிர்தான்னேன். மறுபடி வெட்டினார். மறுபடி கேட்டார். ஆத்துக்குப் போய்ப் பிரிச்சா மூணும் ஒரே துணி! வியாபாரம் மந்தம்னா வாயால சொல்லட்டும், இப்படியா தலையில கட்டறது?"

நஸ்ருன்னிசா ஒரு துணியை எடுத்து விரித்தாள். வெட்டு கோணலாகப் போயிருந்தது. அடுத்ததும் கோணல். கோணலாக வெட்டின காதரை ஒரு வாரம் கத்தரியைத் தொடவிடாத மனுஷர்! கேட்டதையே கேட்டு, ஒருவருக்கு ஒரே துணியை மூன்று முறை வெட்டியிருக்கிறார். வெட்டிய துணி திரும்ப ஒட்டாது என்று கல்யாணமான மூன்றாம் நாளே அவளுக்குப் பாடம் எடுத்தவர்.

மூன்று நாளாக எல்லாவற்றுக்கும் நோன்பைச் சொன்னாள். கத்தரிக்கோலுக்கு எந்த நோன்பும் கிடையாது.

"மாமி, இது எப்போ? தலையில இடிச்சப்புறமா?"

"ஆமா, இடிச்ச கையோட..." மாமி நிறுத்தினாள். கோபம் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. "அடக் கடவுளே."

மயிலாப்பூரில் வீட்டுக்கு ஒரு ஆடிட்டர் நிச்சயம் உண்டு. மாமி வீட்டில் கூடுதலாக ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தாள், மருமகள் ஸ்ரீரஞ்சனி. அடையாறில் சின்ன கிளினிக். மாமி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஆன்ட்டி, வாந்தி எடுத்தாரா? எத்தனை தடவை?"

"ஒண்ணுதாம்மா. நேத்து சாயங்காலம்."

"தலைவலி கூடிண்டே போறதா? எழுப்பினா முழிக்கிறாரா? ரெண்டு கருவிழியும் ஒரே அளவா இருக்கா, பாருங்கோ. பேச்சு குழறதா?"

நஸ்ருன்னிசா உள்ளே போய் எழுப்பினாள். கண்ணைத் திறந்தவர், "மாமி துணி வாங்க வந்தாங்களா?" என்று கேட்டார். கண் இரண்டும் ஒரே அளவு. பேச்சு சரி. வெள்ளிக்கிழமை மாமி வந்ததுதான் அவர் ஞாபகத்தில் இல்லை.

"நாளைக்குன்னு வெச்சுக்காதீங்கோ. இப்பவே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிண்டு போங்கோ. அவர் வண்டி ஓட்டக் கூடாது. அம்மா, நீங்க கூடப் போங்கோ, ஆனா டாக்டர்கிட்ட நீங்க பேசாதேங்கோ."

கடைசி வரியை மாமி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது லேடி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டாள், ஒரு காலில் நிற்கச் சொன்னாள், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். டிசம்பர், நவம்பர் வரை வந்து ஷஃபியுல்லா ரமலானுக்குள் போய்விட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். ஃபிலிம் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, ட்யூப் லைட்டை நம்பாமல் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பிடித்துப் பார்த்ததுதான். கண்ணை இடுக்கிக்கொண்டு, "நார்மல்னு போட்டுக்கீது. கடைக்குப் போலாமா?" என்றார்.

"ரத்தக்கசிவு இல்ல, எலும்பு உடையல. அதுதான் நார்மல்" என்றாள் டாக்டர். "ஆனா மண்டைக்குள்ள மூளை குலுங்கியிருக்கு. கன்கஷன்னு சொல்வோம். அது ஸ்கேன்ல தெரியாது. நீங்க நடந்துக்கறதுலதான் தெரியும். ரெண்டு நாள் நல்லா ஓய்வு. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கலாம். போன், டிவி குறைச்சுக்கணும். முக்கியமா இன்னொரு அடி படக்கூடாது. தலைவலி அதிகமானா, மறுபடி மறுபடி வாந்தி எடுத்தா, எழுப்ப முடியாத மாதிரி தூங்கினா, உடனே தூக்கிட்டு வாங்க. வேளைக்குச் சாப்பாடு, தண்ணி, மாத்திரை."

"நோன்பு டாக்டர். முப்பத்தஞ்சு வருஷமா ஒண்ணுகூட வுட்டதில்ல."

"முப்பத்தஞ்சு வருஷமா ஷட்டர்லயும் இடிச்சுக்கல இல்ல?"

வராந்தாவில் நஸ்ருன்னிசா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"முடியாதவங்க அப்பால வெச்சுக்கலாம்னு மார்க்கமே சொல்லிக்கீது. ஒங்களுக்கு மட்டும் தனியா எதுனா எழுதிக்கீதா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, பரீட்சையில் காப்பி அடிக்கிறவர் மாதிரி, மூன்று மடக்கு குடித்தார். கண் கலங்கியிருந்தது. அவள் பார்க்காத மாதிரி மாத்திரை அட்டையைப் படித்தாள். மாமி பேசாமல் இருந்தாள். மருமகள் சொல்லை அன்று முழுசாகக் காப்பாற்றினாள்.

ஜன்னலுக்குக் கனத்த திரை போட்ட அறையில் ஷஃபியுல்லா படுத்துக்கிடந்தார். நோன்பு மாதத்தில், உச்சி வெயில் நேரத்தில், முருங்கைக்காய் சாம்பார் ஊற்றிச் சோறு தின்கிற குற்றத்தைத் தினமும் செய்யவேண்டியிருந்தது. தட்டு சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று முருங்கைக்காயைக்கூட மெதுவாக உறிஞ்சினார். எதிரே உட்கார்ந்து பரிமாறிய நஸ்ருன்னிசா நோன்பில் இருந்தாள்.

"உனுக்கு முன்னாடி துன்றது கூச்சமா கீது."

"துன்னுங்க. ஒங்க மூளைக்குத்தான் போடறேன், ஒங்களுக்கு இல்ல."

ஐந்தாம் நாள் தலைவலி குறைந்தது. ஆறாம் நாள் காலை பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். பால் பூத் வலது பக்கம். அவர் இடது பக்கம் திரும்பியதை மெஹக் பால்கனியிலிருந்து பார்த்தாள். கால் மணி நேரத்தில் காதரிடமிருந்து போன்.

"அண்ணி, கொஞ்சம் வர்றீங்களா? பாய் வாசப்படில உக்காந்துக்கினு கீறாரு. எழுந்திரிக்க மாட்டேங்கறாரு."

நஸ்ருன்னிசா போனபோது அவர் கடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சுவரு ஓடுது நஸ்ரு."

"எந்தச் சுவரு?"

"துணி சுவரு. நான் பாக்க சொல்லோ ரயிலு மாரி ஓடுது. கலரெல்லாம் தெரியுது. ராமர் பச்சை எங்க கீது, பொடிக்கலரு எங்க கீது, எல்லாம் தெரியுது. ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது." சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த சுவத்துக்கு முன்னாடி நிக்க முடியலன்னா நான் இன்னா வேலைக்குப் போவேன்? எனுக்கு வேற இன்னா தெரியும்?"

பூக்காரி ஒருத்தி கூடையோடு போனாள். ஷஃபியுல்லா கண்ணை மூடிக்கொண்டார்; கூடையிலிருந்த கனகாம்பரம்கூட நகர்ந்திருக்கும்போல.

திரும்ப டாக்டரைப் பார்த்தார்கள். பார்வையும் காதுக்குள் இருக்கிற சமநிலையும் ஒத்துப்போகவில்லை, கழுத்தும் பிடித்திருக்கிறது, பிசியோதெரபி செய்தால் பெரும்பாலும் சரியாகும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை நஸ்ருன்னிசா ஆட்டோவில் அடையாறு வரை கூடவே எடுத்துப் போனாள்.

ஸ்ரீரஞ்சனிக்கு முப்பது வயது. மாமிக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை போதுமென்றால் ஒரு வார்த்தைதான். முதலில் கழுத்தை மெல்ல இளக்கினாள். பிறகு சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னாள். தலையணை மேல் நிற்கச் சொன்னாள். நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கச் சொன்னாள்.

"அங்கிள், தலைசுத்தல் பத்துக்கு எவ்ளோ?"

"பத்துக்கெல்லாம் தெரியாதும்மா. முக்கா மீட்டர் கீது."

ஸ்ரீரஞ்சனி யோசித்தாள். "ஆரம்பிக்கும்போது எவ்ளோ இருந்தது?"

"அரை மீட்டர்."

"கால் மீட்டர் ஏறலாம், தப்பில்ல. அதுக்கு மேல ஏறினா நிறுத்திடணும். உக்காந்து, இறங்கினப்புறம்தான் மறுபடி. வீரம் காட்டினா பின்னாடிதான் போவேள்." கேஸ் ஷீட்டில் மீட்டரிலேயே எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது நஸ்ருன்னிசா கேட்டாள். "அந்தத் துணி சுவரு?"

"அதையும் பழக்கணும். ஆனா கடையில இல்ல. ஆத்துல ஒரு கொடி கட்டுங்கோ ஆன்ட்டி. ரெண்டே ரெண்டு துணி. அவர் அதைப் பாத்துண்டு தலையை ஆட்டட்டும். தாங்கினா மூணு."

அப்படித்தான் மாடி போர்ஷனின் கூடத்தில் மேட்சிங் சென்டருக்குக் கடைசியில் ஒரு கிளை வந்தது. முதல் நாள் வெள்ளை லைனிங் இரண்டு. அடுத்து வெள்ளையும் சந்தனமும். ஒரு வாரத்தில் ஐந்து. காலையும் மாலையும் ஸ்டூலில் உட்கார்ந்து கொடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நஸ்ருன்னிசா மெஷினில் ஃபால்ஸ் அடித்துக்கொண்டே எண்ணினாள். "இன்னா மீட்டரு?" "அரை." "இப்போ?" "அரையும் ஒரு நாலு வெரலும்." "போதும், எறங்குங்க."

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் கொடியில் எட்டுத் துணி இருந்தது. கடையில் பண்டிகைக் கூட்டம், காதர் தனியாகத் திணறுகிறார். அவசரம் பிடித்தது ஷஃபியுல்லாவுக்கு அல்ல, நஸ்ருன்னிசாவுக்கு. எட்டை ஒரேயடியாக இருபத்தைந்தாக்கினாள். வாடாமல்லி, கிளிப்பச்சை, மஸ்டர்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டினாள். அவர் இரண்டு தடவை தலையை ஆட்டினார். மூன்றாவது தடவை வாஷ் பேசினுக்கு ஓடினார்.

"எத்தனை மீட்டருங்க?" என்றாள்.

"முழு ரோலு" என்றார் உள்ளிருந்து.

போனில் ஸ்ரீரஞ்சனி நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. "ஆன்ட்டி, பேஷன்ட் அவர். நீங்க இல்ல" என்றாள். அன்று இரவு நஸ்ருன்னிசா துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். நாலில் நிறுத்தினாள். அவர் அறைக்குள்ளிருந்து, "அந்த மாந்துளிர எடுத்துடு. அதப் பாத்தாலே மாமி குரல் கேக்குது" என்றார். இரண்டரை வாரத்தில் அவள் முதல்முறை சிரித்தாளா அழுதாளா என்று அறை இருட்டில் அவருக்குத் தெரிந்திருக்காது.

பெருநாள் தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். நெற்றியைத் தரையில் வைத்தால் தரை அசைந்தது. பிரியாணி தின்ன முடிந்தது. அது போதுமென்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

அதற்கப்புறம் கொடி மெதுவாக நிறைந்தது. பத்து, பதினாறு, இருபத்தாறு. சாயங்காலங்களில் லஸ் வரை நடை. முதலில் மெஹக் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு அவள் போனைப் பார்த்துக்கொண்டு பின்னால் வர. சித்திரை பாதியில் டாக்டர் பார்த்துவிட்டு, தினம் ஒரு மணி நேரம் கடையில் உட்காரலாம் என்றாள், தாங்கினால் இரண்டு.

கடையிலும் பயிற்சியை விடவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காதர் வீட்டுக்கே வந்து புகார் செய்தார்.

"அண்ணி, கஸ்டமர் படியேறி 'ஆனந்தா ப்ளூ கீதா'ன்னு கேக்க சொல்லோ பாய் இப்படி இப்படி தலைய ஆட்டறாரு. அவங்க எதிர்க் கடைக்குப் போயிடறாங்க. இன்னிக்கு மட்டும் நாலு பேரு. ஆனந்தா ப்ளூ மூணு ரோலு கீது!"

அதற்குப் பிறகு தலையாட்டல் கடை திறக்குமுன் நடந்தது.

மறு வெள்ளிக்கிழமை, கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தின நாள், நஸ்ருன்னிசா சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போனாள். மணி பன்னிரண்டரை. ஷஃபியுல்லா சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கண் மேலிருந்து கீழே இறங்கி, நாற்பது சிவப்புகளையும் தாண்டி ஒரு இடத்தில் நின்றது. கை அங்கே போனது.

"அந்த செவப்பு" என்று உருவினார்.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் விஜயலக்ஷ்மி மாமி, புடவையை மார்போடு அணைத்தபடி. அன்றைக்குப் பிறகு முதல்முறையாக வந்திருக்கிறாள். கூப்பிடவோ அதட்டவோ செய்யாமல், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்போல வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவர் துணியை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் புடவை மேல் போட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றோடொன்று கரைந்தன.

"மாமி, செவப்பு, எம்பது சென்டி. சரியா? செவப்பு, எம்பது."

"சரி பாய்."

கத்தரி ஓடியது. நூல் பிடித்த மாதிரி நேர் வெட்டு. மடித்தார், பையில் போட்டார், கொடுத்தார். மாமி வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். நஸ்ருன்னிசாவும் விட்டாள்.

ஷஃபியுல்லா அளவுக்கோலை எடுத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"மாமி, என்ன கலர் கேட்டீங்க?"

காதர் கையிலிருந்த பேனா விழுந்தது. மாமி பையோடு அப்படியே நின்றாள். நஸ்ருன்னிசா கேரியரைக் கவுன்டர் மேல் வைத்தாள், அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள், ஸ்ரீரஞ்சனி சொல்லிக்கொடுத்தபடி கருவிழி இரண்டையும் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு. இடது கண்ணின் ஓரத்தில், இத்தனை வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

"பாய்!" என்று மாமி போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு நிமிஷம் உசிரே போயிடுத்து எனக்கு!"

"எனுக்கும்தான் மாமி, அன்னிக்கு நீங்க கூப்ட சொல்லோ" என்றார் ஷஃபியுல்லா. "கணக்கு சரியாப்போச்சு."

நஸ்ருன்னிசா அவரை வைய வாயைத் திறந்தாள். வசவு வரவில்லை, மூக்கு மட்டும் நமநமவென்றது. முந்தானையால் அதை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஜும்மாவுக்கு நேரமாவுது. வெளிய வாங்க. காதர் பாய், நீங்களும்."

எல்லோரும் வாசலுக்கு வந்ததும் அவள் கொக்கிக் கம்பியை எடுத்தாள். ஷட்டர் பாதிக்கு வந்ததும் ஷஃபியுல்லா பழக்கத்தில் கையை நீட்டினார்.

"போதும் நஸ்ரு."

அவள் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருடத் துருவெல்லாம் கரகரக்க, ஷட்டர் தரை வரை வந்து உட்கார்ந்தது. அவள் செருப்புக் காலால் அதை ஒரு மிதி மிதித்தாள்.

"கஸ்டமர் எதிர்க் கடைக்குப் போயிடுவாங்களேடி."

"போவட்டும்" என்றாள் நஸ்ருன்னிசா. "அவங்ககிட்ட அந்த செவப்பு கெடியாது."